தூண்டிற் புழுவும் பாப்பாரப்பட்டியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம், "நீங்க ஏதாவது பேசணும்"னார். "நான் என்னத்தைப் பேசறது, மைக்கைக் கட்டறவன்தானே?"ன்னேன். "அதனாலதான் கேக்கறோம். இத்தனை வருஷமா எல்லாரையும் பேச வெச்சீங்க, இன்னிக்கு நீங்க பேசுங்க"ன்னார். இங்கே பி.ஏ. வரலாறு படித்தேன். படித்து முடித்ததும் ஒலிபெருக்கி நிலையம் வைத்தேன். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், நல்லம்பள்ளி என்று கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, கட்சிக் கூட்டம் எதையும் விட்டதில்லை. படித்த வரலாற்றுக்கும் பார்த்த தொழிலுக்கும் நடுவில் ஒரு பாலம் இருக்கிறது. அந்தப் பாலம் ஒரு காதல் பாட்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

காதல் பாட்டு என்றதும் பின்னால் நிற்கிற தம்பிகள் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கிறார்கள். நல்லது.

மைக் செட்டுக்காரனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். விடியற்காலை பக்திப் பாட்டு, அது சாமிக்கு. முகூர்த்தத்துக்கு நாதசுர இசைத்தட்டு, அது சடங்குக்கு. பந்தி முடிந்து, பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு திண்ணையில் சாய்ந்த பிறகு, இளவட்டங்கள் வந்து நம் பெட்டி பக்கத்தில் நிற்பார்கள். "அண்ணே, அந்தப் பாட்டைப் போடுங்கண்ணே." எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டார்கள். யார் கேட்கணும் என்பதற்காகப் போடச் சொல்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும், சொல்ல மாட்டோம். புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியாக ஒரு மனசு இன்னொரு மனசுக்குப் போகும். வாயால் சொல்ல முடியாததை ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிடலாம், ஆனால் ஒருத்திக்கு மட்டும்தான் புரியும். காதல் பாட்டின் வேலையே அதுதான்.

இது நம்ம ஊர் சமாசாரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் தென்பகுதியில், டெக்சாஸ் போன்ற இடங்களில் எண்ணெய்க் கிணறு தோண்டும் தொழிலாளிகளும் லாரிக்காரர்களும் சாயங்காலம் வந்து உட்காரும் குடிக்கடைகள் இருந்தன. ஹாங்கி-டாங்க் என்று பெயர். நம்ம தொப்பூர் கணவாய் ஏறி இறங்கும் லாரிக்காரர்கள் நிறுத்துகிற டீக்கடை மாதிரி வைத்துக் கொள்ளுங்கள். டீக்குப் பதில் சாராயம். அங்கே ஜூக்பாக்ஸ் என்றொரு பெட்டி இருக்கும். காசு போட்டால் இசைத்தட்டு பாடும். கடைக்குள் அத்தனை பேர் சத்தம், பாட்டுக் கேட்காது. அதனால் மின்சார கிட்டார் வந்தது, பாட்டும் ஓங்கி ஒலிக்க ஆரம்பித்தது. அந்தக் கடைகளின் பாட்டுக்காரர்களில் தலையாயவர் ஹேங்க் வில்லியம்ஸ். அலபாமா மாநிலத்து ஏழை வீட்டுப் பிள்ளை. 1951இல் வந்த 'கோல்ட் கோல்ட் ஹார்ட்' போன்ற அவருடைய பாட்டுகளில் பெரிய சொற்கள் கிடையாது. மனசு ஆறாத ஒருவன் நேராகப் பேசுவது போல இருக்கும். 1953 ஜனவரி முதல் நாள் இறந்தார், வயது 29. அவரை இப்போது எதற்குச் சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும்.

நம்முடைய பாட்டுக்கு வருவோம். பாரதியாரின் 'தூண்டிற் புழு' பாட்டு. 'கண்ணன் பாட்டு' நூலில் 'கண்ணன் - என் காதலன்' என்ற பகுதியில் இருப்பது. பாரதி என்றால் மீசையும் முண்டாசும் விடுதலைப் பாட்டும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த மனிதர் 1908இல் ஆங்கிலேயர் பிடிக்கு அகப்படாமல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குப் போனார். பத்து வருஷம் அங்கே இருந்தார். அந்தப் பத்து வருஷத்தில்தான் கண்ணன் பாட்டு பிறந்தது. 1917இல் பரலி சு. நெல்லையப்பர் அதை முதலில் அச்சிட்டார். 1919இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு வ.வே.சு. ஐயர் முன்னுரை எழுதினார்.

அந்த நூலில் கண்ணன் ஒரே ஆள் இல்லை. தோழன், தாய், தந்தை, வேலைக்காரன், அரசன், சீடன், குரு, குழந்தை, காதலன், காதலி, எல்லாம் அவன்தான். ஆழ்வார்கள் தங்களைப் பெண்ணாக வைத்துப் பெருமாளை நினைத்து உருகினார்களே, அந்த வழி. ஆனால் பாரதி பேசுகிற பேச்சு கோயில் பேச்சு இல்லை, வீட்டுப் பேச்சு. 'தூண்டிற் புழு' பாட்டில் ஒரு பெண் தன் தோழியிடம் சொல்கிறாள்: சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, பெற்ற தாயைப் பார்த்தாலும் சலிப்பாக இருக்கிறது, பால்கூடக் கசக்கிறது. வைத்தியர்கள் வருகிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஒரு கனவு. யாரென்று தெரியாத ஒருவன் வந்து அவள் நெஞ்சைத் தொட்டுவிட்டுப் போகிறான். அதோடு மனசு தெளிகிறது. கதை அவ்வளவுதான். தூண்டிலில் மாட்டிய புழு நெளிவதைக் காவிரிக்கரையில், ஒகேனக்கல்லில், பார்த்த நமக்கு அந்த உவமைக்கு உரை தேவையில்லை. இந்த ஒரு பாட்டுத்தான், முப்பது வருஷம் கழித்து, கோர்ட் வாசல் வரை போனது. ஒரு காதல் பாட்டுக்காக வழக்கா என்று கேட்பீர்கள். நடந்தது அதுதான்.

பாரதி 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் காலமானார். வீட்டில் சொத்து என்று இருந்தது எழுத்து ஒன்றுதான். மனைவி செல்லம்மா 1922இல் 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் கணவருடைய நூல்களை அச்சிடத் தொடங்கினார். கைம்பெண், இரண்டு பெண்மக்கள், கையில் காசில்லை, வியாபாரமும் தெரியாது. அந்தக் காலத்தில் பாரதி நூலை அச்சடிப்பதே ஆபத்து. 1928இல் அவருடைய தேசிய கீதங்களை அரசாங்கம் பறிமுதல் செய்தது. பின்னால் பதிப்புரிமை பாரதியின் தம்பி சி. விசுவநாத ஐயர் கைக்குப் போனது.

அச்சிடும் உரிமை ஒரு பக்கம். பாட்டை இசைத்தட்டில் பதியும் உரிமை, ஒலிபரப்பும் உரிமை இன்னொரு பக்கம். தம்பிகளே, இதைக் கவனியுங்கள். ஒரே பாட்டுதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது ஒரு வீடு மாதிரி. கூடத்தை ஒருவருக்கு, திண்ணையை ஒருவருக்கு, கொல்லையை ஒருவருக்கு என்று பிரித்து எழுதிக் கொடுக்கலாம். பாரதி பாட்டின் இசைத்தட்டு உரிமை சென்னையில் இருந்த ஒரு வடநாட்டு வைர வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் நகை விற்றவர்களும் இசைத்தட்டு விற்றார்கள். அது புதுத் தொழில், லாபம் இருக்கும் என்று இறங்கியவர்கள் பல பேர். அவரிடமிருந்து அந்த உரிமையை விலைக்கு வாங்கியவர் ஏவி. மெய்யப்பச் செட்டியார்.

செட்டியார் வாங்கியது வீண் போகவில்லை. 1947இல் 'நாம் இருவர்' வந்தது. விடுதலை வாசலில் நிற்கிற நேரம். டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன. மறு வருஷம் 'வேதாள உலகம்' படத்திலும் பாரதி பாட்டு. படிக்கத் தெரியாதவர்கள் வாயிலும் பாரதியைக் கொண்டு போய்ச் சேர்த்ததில் அந்தப் படங்களுக்குப் பெரிய பங்குண்டு. இதை மறைத்துப் பேசக் கூடாது. காசு போட்டவர் காசு எடுக்கப் பார்ப்பது உலக வழக்கம்.

அதே நேரத்தில் கோயம்புத்தூரில் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' என்று ஒரு படம் எடுத்தார்கள், 1948. நாடக உலகில் அவர்கள் பெரிய பெயர். டி.கே. சண்முகம் - பின்னாளில் ஒளவை சண்முகம் என்று சொன்னார்களே, அவர்தான் - பில்ஹணனாக நடித்தார். கதை பழைய காஷ்மீரக் கவிஞனைப் பற்றியது. இளவரசிக்குப் பாடம் சொல்லித்தர ஒரு வாலிபக் கவிஞன் வருகிறான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் காதல் வந்துவிடும் என்று ராஜாவுக்குப் பயம். நடுவில் ஒரு திரை கட்டுகிறார்கள். ஒருவருக்குக் கண் பார்வை கிடையாது என்று இந்தப் பக்கம் ஒரு பொய், மற்றவருக்குத் தொழுநோய் என்று அந்தப் பக்கம் ஒரு பொய். தொழுநோய் என்ற பொய்யை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். திரை என்ன செய்யும்? காதுக்குத் திரை இல்லையே! குரல் போய்ச் சேர்ந்தது, காதலும் வந்தது.

அந்தப் படத்தில் 'தூண்டிற் புழு' பாட்டைச் சேர்த்தார்கள். உரிமை எங்களுடையது, எங்களைக் கேட்காமல் எப்படிச் சேர்த்தீர்கள் என்று ஏவி.எம். தரப்பில் கோவையில் வழக்கு. சட்டப்படி பார்த்தால் செட்டியார் கையில் பத்திரம் இருந்தது. சண்முகம் கையில் என்ன இருந்தது? பாரதி பாட்டு தமிழ் மக்களின் சொத்து, அதை எந்தத் தனி மனிதரும் பூட்டி வைக்க முடியாது என்ற ஒரு நியாயம் இருந்தது. பத்திரத்துக்கும் நியாயத்துக்கும் நடந்த சண்டை என்று இதைச் சொல்லலாம். சண்முகம் பணம் கொடுத்துச் சமாதானமாகப் போயிருக்கலாம். படம் எடுத்தவர்களுக்கு அதுதான் சுலபம். ஆனால் அவர் போகவில்லை. வழக்கைத் தன் வழக்காக வைத்துக் கொள்ளாமல் ஊர் வழக்காக ஆக்கினார்.

எழுத்தாளர்கள் சேர்ந்தார்கள். 'பாரதி விடுதலைக் கழகம்' என்று ஒன்று தோன்றியது. பெயரைப் பாருங்கள். நாடு விடுதலையாகிவிட்டது, நாட்டுக்குப் பாட்டுப் பாடியவருக்கு இன்னும் விடுதலை இல்லை என்ற பொருள் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். பத்திரிகையில் எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள். செல்லம்மா பாரதியையும் பார்த்துப் பேசினார்கள். அதுதான் சரியான இடம். மற்றவர்கள் எல்லாரும் பாட்டுக்கு உரிமை பேசினார்கள். அந்த அம்மாள் ஒருவர்தான் பாட்டுக்காகப் பட்டினி கிடந்தவர்.

அப்போது சென்னை மாகாணத்துக்கு முதலமைச்சர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். விவசாயி, கறாரான மனிதர். அரசே உரிமையை எடுத்துக் கொள்வது என்று முடிவானது. செட்டியாரைக் கேட்டார்கள். அவர் தன் கையிலிருந்த உரிமையை ஒரு காசு வாங்காமல் அரசுக்கு விட்டுக் கொடுத்தார். வழக்குப் போட்ட அதே கை விட்டுக் கொடுத்தது. பாரதி குடும்பத்தாருக்கு அரசு ஈட்டுத்தொகை கொடுத்தது. 1949இல் பாரதியின் எழுத்து அரசுடைமை ஆனது. சில வருஷத்தில், 1950களின் நடுவில், யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம், பதியலாம் என்று அரசும் தன் கையை எடுத்துக் கொண்டது. 'நாட்டுடைமை' என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, எத்தனையோ தமிழ் எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு அப்படி ஆக்கி, குடும்பத்துக்குப் பணமும் கொடுக்கிறதே, அந்த வழிக்கு முதல் தடம் இதுதான்.

இதன் அருமை புரிய ஒரு கணக்குப் போடுவோம். வரலாறு படித்தவன்தான், ஆனாலும் இந்தக் கணக்கு வரும். அந்தக் காலச் சட்டப்படி எழுதியவர் இறந்து 50 வருஷம் வரை உரிமை உண்டு. பாரதி இறந்தது 1921. அரசு எடுத்துக் கொள்ளாமல் இருந்தால் 1971 வரை அந்தப் பாட்டுகள் பூட்டுக்குள்தான். தாகூர் 1941இல் இறந்தார். அவருக்கு 50 வருஷம் முடிகிற சமயத்தில், 1992இல், இந்தியாவில் சட்டத்தையே திருத்தி 60 வருஷம் ஆக்கினார்கள்; ஆகவே தாகூர் பாட்டு 2001 வரை விசுவபாரதியிடம் இருந்தது. நமக்கு அந்தப் பூட்டு 1949லேயே திறந்துவிட்டது. திறந்ததால் என்ன வந்தது? 1951இல் 'மணமகள்' படத்தில் எம்.எல். வசந்தகுமாரி குரலில் கண்ணம்மா வந்தாள். 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' வந்தது.

அந்தப் படத்துக்கு வந்தால்தான் நம்ம ஊர் வரும். பி.ஆர். பந்துலு எடுத்த படம். வ.உ.சி.யாக சிவாஜி. பாரதியாக எஸ்.வி. சுப்பையா. ஜி. ராமநாதன் இசை. பாட்டெல்லாம் பாரதி பாட்டு. அதில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் வருகிற இடத்தில் 'கண்ணம்மாவின் காதல்' என்று பாரதி எழுதிய 'காற்று வெளியிடை' பாட்டை வைத்தார்கள். பி.பி. ஸ்ரீநிவாஸ் குரல். பாரதியின் தொகுப்பு நூலில் அந்தப் பாட்டைத் தேடினால் தோத்திரப் பாடல்களுக்கு நடுவில் கிடைக்கும். தெய்வத்துக்கு முன்னால் வைத்த பாட்டு, எங்கள் மைக் செட்டில் பந்தி முடிந்த பிறகு போடுகிற பாட்டானது. ரெண்டும் பொருத்தம்தான். சுதந்திரப் போராட்டப் படத்தில் இந்தக் காதல் பாட்டு ஒட்டுமா என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவு இயல்பாக ஒட்டியது. படம் வெளிவந்தபோது வசூல் இல்லை. பாட்டு மட்டும் நிற்கவே இல்லை. 2017இல் மணிரத்னம் தன் படத்துக்கு அந்தப் பாட்டின் முதல் சொற்களையே பெயராக வைத்தார்.

அந்த 1961 படத்தில் சுப்பிரமணிய சிவாவாக நடித்தவர் யார் தெரியுமா? டி.கே. சண்முகம். 'தூண்டிற் புழு' பாட்டுக்காக வழக்கைச் சந்தித்த அதே சண்முகம்.

இப்போது தொழுநோய் என்ற பொய்யை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். 1948 படத்தில் அது இரண்டு பேரைப் பிரிக்கச் சொன்ன பொய். 1961 படத்தில் அவர் ஏற்று நடித்த மனிதருக்கு அது பொய் இல்லை. சுப்பிரமணிய சிவா 1884இல் வத்தலக்குண்டில் பிறந்தவர். 1908இல் வ.உ.சி.யோடு கைதானார். 1912இல் வெளியே வந்தபோது சிறை அவருக்குக் கொடுத்து அனுப்பியது தொழுநோய். அந்த உடம்போடு 'ஞானபாநு' என்று பத்திரிகை நடத்தினார். புதுச்சேரியில் இருந்த பாரதி அதில் எழுதினார். வியாதிக்காரர் ரயிலில் ஏறக் கூடாது என்று ஆங்கில அரசு தடை போட்டபோது, நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். மற்றவர்களுக்கும் அவருக்கும் நடுவில் சர்க்கார் ஒரு திரை கட்டியது. பில்ஹணன் கதை மாதிரியே, குரலைத் திரை தடுக்கவில்லை.

கடைசியில் அவர் வந்து தங்கிய ஊர் நம்ம பாப்பாரப்பட்டி. அப்போது சேலம் ஜில்லா. 1965இல்தான் தருமபுரி தனி மாவட்டம். நண்பர்கள் உதவியோடு அங்கே நிலம் வாங்கினார். பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டும், சாதி மதம் பாராமல் எல்லாரும் உள்ளே வர வேண்டும் என்பது அவர் ஆசை. 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயிலைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1925 ஜூலை 23ஆம் தேதி பாப்பாரப்பட்டியிலேயே கண்ணை மூடினார். வயது நாற்பத்தொன்றுகூட நிரம்பவில்லை. இன்று அங்கே அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பென்னாகரம் பஸ்ஸில் எத்தனை தடவை அந்தப் பக்கம் போயிருக்கிறோம்! சன்னலோரம் உட்கார்ந்து காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறோம். அந்தப் பாட்டுக்கும் அந்த மண்டபத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று யார் சொன்னார்கள்?

இதெல்லாம் சரி, இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். கேட்க வேண்டும். எனக்குப் படுவதைச் சொல்கிறேன்.

பாட்டைப் பூட்டி வைத்தால் பாட்டு செத்துப் போகும். பாரதி பாட்டு 1971 வரை ஒருவர் அனுமதியில் கிடந்திருந்தால், அந்த இருபது வருஷத்தில் வந்த எத்தனை படத்தில், எத்தனை மேடையில், எத்தனை பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் அது ஒலித்திருக்காது? என்னை மாதிரி மைக் செட்டுக்காரன் அதைப் போட்டிருக்க முடியுமா? இது ஒரு நியாயம்.

ஆனால் இன்னொரு நியாயமும் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் நான் பாதிதான் பேசினவன் ஆவேன். பாட்டு எல்லாருக்கும் சொந்தம் என்று கை தட்டுவது சுலபம். பாட்டு எழுதினவன் வீட்டு அடுப்பு யாருக்குச் சொந்தம்? பாரதி உயிரோடு இருந்தபோது அவர் பாட்டுக்கு விலை கொடுக்க ஆள் இல்லை. இறந்த பிறகு கைக்குக் கை விலை ஏறியது. ஏறின விலையில் செல்லம்மாவுக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம்தான். அரசு செய்தது பெரிய காரியம்; அதைவிடப் பெரிது, குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு எடுத்துக் கொண்டது. கொடுக்காமல் எடுத்திருந்தால் அதற்கு வேறு பெயர்.

அமெரிக்கக் குடிக்கடைப் பாட்டுக்காரர் ஹேங்க் வில்லியம்ஸைச் சொன்னேன் அல்லவா? அவர் இறந்து சில நாளில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை வேறொரு வீட்டில் வளர்ந்தது. வளர்ந்த பிறகுதான் தன் தகப்பன் யார் என்று தெரிந்து, 1980களில் கோர்ட் ஏறி, நான் அவர் மகள்தான், அந்தப் பாட்டுகளில் எனக்கும் பங்குண்டு என்று வாதாடி வாங்கினார். அங்கே பாட்டு குடும்பச் சொத்தாகவே இருந்தது. பங்குக்குச் சண்டை வந்தது. இங்கே பாட்டு ஊர்ச் சொத்தானது, சண்டை தீர்ந்தது. எது மேல் என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பாட்டுக்கு ஊரும் வேண்டும், பாட்டுக்காரனுக்குச் சோறும் வேண்டும். ரெண்டையும் ஒன்றாகக் கேட்டால்தான் அது முழு நியாயம் என்பது என் கட்சி.

தம்பிகளே, தங்கைகளே! எங்கள் காலத்தில் ஒரு பாட்டைப் போட ஒரு பெட்டி இசைத்தட்டு, ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, குழாய் ஸ்பீக்கர், ஏணி, அதைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டும். உங்களுக்குச் சட்டைப்பையில் இருக்கிற செல்போன் போதும். அதிலேயே பாட்டைப் பதிகிறீர்கள், படம் சேர்க்கிறீர்கள், அரை நிமிஷத்தில் உலகத்துக்கே அனுப்புகிறீர்கள். நல்லா செய்யறீங்க. நானும் பேத்தி காட்டிப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். பாடியவர் பெயர் போடுகிறீர்கள், நடித்தவர் பெயர் போடுகிறீர்கள். எழுதினவர் பெயரையும் போடுங்கள். பாரதி பாட்டுக்கு இன்று யாரும் உங்களிடம் காசு கேட்கப் போவதில்லை. வழக்கும் வராது. ஆனால் இலவசம் என்றால் அநாதை என்று அர்த்தம் இல்லை.

உயிரோடு இருக்கிற ஒருவருடைய பாட்டை எடுத்தால், நம்ம மாவட்டத்துத் தெருக்கூத்துக்காரர் பாட்டாக இருக்கட்டும், நாற்று நடும் அம்மா பாடிய பாட்டாக இருக்கட்டும், அவர்களைக் கேளுங்கள். பெயரைப் போடுங்கள். காசு வந்தால் பங்கு கொடுங்கள். அவர்களிடம் பத்திரம் இருக்காது. பத்திரம் இல்லாதவர்களிடம்தான் நம் நேர்மை தெரியும்.

முன்னாள் மாணவர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் சுற்றுலா என்று வெளியூர் போகிறோம். ஒரு வருஷம் இளைய மாணவர்களையும் கூட்டிக்கொண்டு பாப்பாரப்பட்டிக்குப் போவோம். பஸ் செலவுக்கு நான் என்னால் ஆனதைத் தருகிறேன். மைக் செட்டுக்கு வாடகை கிடையாது. மணிமண்டபத்தில் மரியாதை செய்துவிட்டு, வெளியே மரத்தடியில் உட்கார்ந்து பாரதியின் விடுதலைப் பாட்டோடு காதல் பாட்டையும் பாடச் சொல்வோம். சிவா கோபித்துக்கொள்ள மாட்டார். அவருடைய நண்பர் எழுதியதுதானே!